உங்க வூட்ல யாரு சுரண்டறது?

போன வாரம் ஜவ்வாது மலையில் ஒரு களிச் சட்டி என்னை மடக்கிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பன் தமிழரசன் காலேஜ் வாத்தியார். வயது ஐம்பது. ஆறு வருடமாக பிஎச்.டி. பண்ணுகிறான். தலைப்பு? மார்க்சிய சமூகவியல் எந்தெந்த நாட்டில் எப்படியெப்படி மாறியது!

ஜெர்மனியில் பிறந்த கோட்பாடு ரஷ்யாவில் கட்சி கட்டியது, சீனாவில் வயலில் இறங்கியது, இத்தாலியில் பள்ளிக்கூடத்தையும் பத்திரிகையையும் சந்தேகப்பட்டது, லத்தீன் அமெரிக்காவில் சர்ச்சுக்கே போனது... மனுஷனுக்கு ஊர்த் தண்ணி மாறினால் ஜலதோஷம் வரும். கோட்பாட்டுக்கோ புது அத்தியாயம் வருகிறது.

எல்லாவற்றையும் படித்த கைடு ஒன்றே ஒன்று கேட்டாராம். "நம்ம ஊர் எங்கேய்யா?"

இந்த மாதத்துக்குள் அந்த அத்தியாயம் வராவிட்டால் பதிவு காலாவதி. ஆறு வருடமும் அம்பேல். ஆக, போளூரில் பஸ் பிடித்து மலையேறினோம். நான் எதற்கு? போட்டோ எடுக்க.

ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு வீட்டு வாசலில் பொன்னி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது விவசாயி. சொந்த நிலம். முதலாளி கிடையாது. கூலி ஆளும் கிடையாது - இன்று இவர் பக்கத்து நிலத்தில், நாளை அவர்கள் இவர் நிலத்தில். வர்க்கப் போராட்டத்தைத் தேடி வந்த தமிழரசனுக்கு முகம் தொங்கிவிட்டது.

கடைசியாகக் கேட்டான். "ஏம்மா, உங்க வாழ்க்கையில சுரண்டல் இருக்குதா?"

"இருக்குதுங்க. தெனமுந்தான்."

நிமிர்ந்து உட்கார்ந்தான். "யாரு சுரண்டறாங்க?"

"நான்தாங்க."

"நீங்களா? எதை?"

"களிச் சட்டியத்தான். அவரும் புள்ளைங்களும் துன்னுட்டு எழுந்து போன பின்னாடி, அடியில ஒட்டிக்கினு இருக்கறத சுரண்டித் துன்னுவேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தமிழரசன் சிரிக்கவில்லை.

"களி கிண்டறது யாரு?"

"நான்தான்."

"நெலத்துல பாடுபடறது?"

"ரெண்டு பேருந்தான்."

"அப்ப அவரு ஏன் சட்டிய சுரண்டறதில்ல?"

பொன்னி முறத்தைக் கீழே வைத்தார். "இன்னா சார் கேக்கறீங்க? உங்க வூட்ல யாரு சுரண்டறது?"

நாங்கள் இருவரும் எதிரிலிருந்த புளியமரத்தைப் பார்த்தோம். நல்ல மரம்.

இறங்குகிற பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டான். ஊர் ஊராகப் போன கோட்பாடு இந்த மலையில் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது. கைடும் ஓகே சொல்லிவிட்டார். அத்தியாயத்தை வழக்கம்போல அவன் மனைவிதான் டைப் அடித்தார்.

எனக்கு மட்டும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. மலையிலிருந்து வந்த மறுநாள் மதியம் சாப்பிட்டு எழுந்து போகாமல், சட்டியை என் பக்கம் இழுத்தேன். "இன்னைக்கு நான் சுரண்டறேன்."

மனைவி சட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இருபது வருஷமா நீங்கதான சுரண்டறீங்க... இன்னைக்கு இன்னா புதுசா?"