லாபம், ரெண்டு, மூணு

கயல், கவின், உங்கள் இருவருக்கும் அப்பா எழுதுகிறேன். காலையில் தட்டில் மக்காச்சோள மணிகளை எண்ணும்போது பன்னிரண்டுக்குப் பிறகு கவின் தடுமாறினான். கயல், நீ சிரித்துவிட்டாய். "எனக்கு வேணாம்ப்பா" என்று அவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

மணிகள் சிதறிய சத்தத்தில் எனக்கு ஒன்றாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. குன்னத்தில் எங்கள் வீட்டில் சோளம் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். டீச்சர் புளியங்கொட்டையை எண்ணச் சொன்னதும் நானும் "லாபம், ரெண்டு, மூணு" என்றேன்.

"யாவாரி வந்துட்டாருடா, வழி விடுங்க" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு கணக்கில் புரியாத எதையும் நான் கேட்டதேயில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது.

தப்பாகச் சொன்னால் நம் வீட்டில் இனி யாரும் சிரிக்கக் கூடாது.

நீங்கள் பள்ளிக்கூடம் போனதும் ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைச் சொல்லித்தரும் கவினின் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தேன். எனக்குத் தெரியாத ஒலிகளைப் பென்சிலால் வட்டமிட்டேன், சாயங்காலம் உங்கள் டீச்சரிடம் கேட்பதற்காக.