கழிவுக்கு ஒரு பிடி மாவு

என் முழங்கால் ஆபரேசனுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்த அதே வாரம், டீச்சர் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வந்தார். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

டீச்சர் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் கணவரும் பண்டாரவளையில் நடத்தும் விடுதியில் நான்தான் சமையல். தங்க வருகிறவர்கள் என் அதிரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அதற்கு என் அளவு டின்பால் வந்த ஒரு பழைய டின். நாலு டின் அரிசி மாவுக்கு ரெண்டு கருப்பட்டி.

"டின் கணக்கு வேண்டாம். கிராமில எழுதி வைப்பம்," என்று டீச்சர் கொப்பியைத் திறந்தார்.

எழுதி வைத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு? கொப்பியைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சுடலாமே. வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் டின்னை எடுத்து மாவை அளக்க ஆரம்பித்தேன்.

அவர் தராசில் கிண்ணத்தை வைத்தார். எண் வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினார். எண் பூச்சியமானது.

எனக்குச் சுருக்கென்றது. பூனாகலைத் தோட்டத்தில் இருபது வருசம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் நான். நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, மழைத்தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எழுதுவார்கள். வெயில் நாளிலும் தண்ணீருக்குக் கழித்த புண்ணியவான்கள் உண்டு. இங்கேயும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். டீச்சர் டின் எண்ணிக்கையை எழுதக் குனிந்தபோதெல்லாம், கிண்ணத்தில் கொட்டிய டின் மாவுக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போட்டேன், கழித்ததற்கு ஈடாக. கடைசியில் தராசு காட்டிய மொத்த எண்ணை அவர் எழுதிக்கொண்டார். கருப்பட்டியைக் கிண்ணமில்லாமல் அப்படியே தராசில் வைத்தார், பொத்தானைத் தொடவில்லை. அதனால் அதில் நான் கை வைக்கவில்லை.

ஆபரேசன் முடிந்து தோட்டத்து லய வீட்டில் காலை நீட்டிக் கிடந்த மூன்றாம் வாரம், டீச்சர் பஸ் ஏறி வந்தார். பையில் கொப்பி, தராசு, ஒரு டப்பா அதிரசம். வேறு ஆள் எடுத்தாயிற்று, சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதிரசத்தைக் கடித்தேன். பல் தப்பியது பெரிய விசயம்.

"கொப்பியில உள்ளபடிதான் செய்தனான்," என்றார். "வேற ஆளை எடு எண்டு இவர் ஒரே அரியண்டம், நச்சரிச்சுக்கொண்டே இருந்தார். நீங்கள் வருமட்டும் நானே செய்து சமாளிப்பன் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குத்தானே எழுதினனான். இப்ப அதிரசத்தை ஒருத்தரும் தொடுறேல்லை. திங்கக்கிழமை ஒரு பிள்ளை வேலை கேட்டு வருது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"டீச்சர், டின்னுக்கு ஒரு பிடி மாவு கூடப் போட்டேங்க."

"ஏன்?"

"நீங்க கழிச்சீங்களே."

"நான் எங்க கழிச்சனான்? கிண்ணத்தின்ர நிறை சேரக்கூடாது எண்டுதானே அமத்தினனான்."

கிண்ணத்துக்கு மட்டும்தானா என்று கேட்க வந்தது. அடக்கிக்கொண்டேன். என் பிடி எவ்வளவு என்பது என் கைக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்த அரிசி மாவையும் ஒரு கிண்ணத்தையும் டீச்சரையே எடுத்துவரச் சொன்னேன். டீச்சர் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பொத்தானை நான் அமுக்கினேன். நாலு பிடி அள்ளிப் போட்டேன்.

வந்த எண்ணை டீச்சர் மாவுக் கணக்கிலிருந்து கழித்து எழுதினார். ஒருவர் கழித்து எழுதி நான் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான். இருந்தாலும், என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன்.