தோளில் எண்ணெய் பூசிய ஆறு மாதம்

நான் பத்தாவது வரை படித்தவள். இத்தனை படித்தவர்கள் இருக்கும் சபையில் நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் எனக்கு வராது.

வெளிநாட்டில், கேட்டி என்ற ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஞாயிறு பிரியாணி செய்வது என் வேலை. போன கோடையிலிருந்து, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலது தோள் வலிக்கும். வயிற்றில் ஒரு வலியும் இருக்காது. "அண்டாவைத் தனியாத் தூக்காதன்னா கேக்குறியா?" என்பார் என் வீட்டுக்காரர். சகோதரிகள் தோளில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வெள்ளிக்கிழமை உபவாசத்தன்று வலி வராது. சுகமாகிவிட்டது என்று இரண்டு முறை சாட்சி சொன்னேன். இரண்டு முறையும் அந்த ஞாயிறே வலி திரும்பியது. என் விசுவாசம்தான் குறைவு என்று அழுதேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, வலியோடு குளிர் நடுக்கமும் வாந்தியும் வந்தன. சபைச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போவேன் என்று பயந்தேன். அன்று தோளுக்காக ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, நோய் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. நீர் காட்டும்" என்றேன்.

அப்போதுதான் மெர்சி ஆன்ட்டி தட்டு கழுவ உள்ளே வந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ்.

"கையைத் தூக்கு பாப்போம். வலி கூடுதா?"

"இல்ல ஆன்ட்டி."

"சுத்திக் காட்டு. இப்பவும் கூடலையா? அப்போ இது தோளே இல்லடி. தப்பான இடத்துல எண்ணெய் பூசியிருக்கோம். உன் வீட்டுக்காரரைக் காரை எடுக்கச் சொல்லு."

எமர்ஜென்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். எனக்கோ ஒரே கேள்வி. வயிற்றில் இருக்கும் நோய்க்குத் தோள் ஏன் வலிக்கிறது?

டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை, கூடவே வந்திருந்த ஆன்ட்டி தமிழில் சொன்னார். "பித்தப்பை வீங்கி, மேல இருக்குற மூச்சுத் தசையை உரசுது. அந்தத் தசையோட நரம்பும் தோள் நரம்பும் கழுத்துக்கிட்ட தண்டுவடத்துல ஒரே இடத்துல சேருது. மூளைக்குத் தோள்ல இருந்து சேதி வந்துதான் பழக்கம். அதனால இதையும் தோள்னே நெனச்சுக்குது."

"பாத்தியா, உன் மூளைக்கும் அண்டா மேலதான் சந்தேகம்" என்றார் வீட்டுக்காரர். அவர் கண் கலங்கியிருந்தது.

என் உடம்புக்குள் நடப்பது எனக்கே தெரியவில்லை. என்னை உண்டாக்கியவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் ஜெபிக்கும்போது, எங்கே சுகம் தர வேண்டும் என்று அவருக்கு இடம் காட்டுவதில்லை. நீங்களும் வலியைச் சொல்லுங்கள், நோய் எங்கே என்று அவரிடமே கேளுங்கள். அவர் அனுப்பும் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் உடனே போங்கள்.

ஸ்கேன் எடுத்த மறுநாள் காலை பித்தப்பையை எடுத்தார்கள். மாலையில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் குடித்தேன்.