கைதட்டு வாங்கிய பதில்

எழுபதுகளின் நடுவில், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில் நடந்தது இது. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளராகச் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருடம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் ஆகிவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று வீட்டில் காத்திருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியது கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அந்த வாரம் எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்கென்று ஐந்து நாள் பயிற்சி ஏற்பாடு செய்திருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மாணவர்களை வகுப்பில் ஈடுபட வைப்பது எப்படி என்பதுதான் விஷயம். அதுவரை எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. நாங்கள் நோட்ஸை வாசிப்போம், அவர்கள் எழுதிக்கொள்வார்கள், மணி அடித்தால் இரண்டு தரப்புக்கும் விடுதலை. வெளியூரில் இருந்து வந்திருந்த பேராசிரியர்கள், அது பாடம் நடத்துவதே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். "மாணவனுடைய வாழ்க்கையில் இருந்து பாடத்தைத் தொடங்குங்கள், அவனைக் கேள்வி கேட்க விடுங்கள்" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அதையும் நாங்கள் தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டோம் என்பதுதான் வேடிக்கை.

கடைசி நாள் யாராவது ஒருவர் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். முந்தின நாளே முதல்வர் என்னைக் கைகாட்டிவிட்டார். கடைசி பெஞ்சுகளில் பேராசிரியர்களும் மற்ற ஆசிரியர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் கையில் ஒரு சைக்ளோஸ்டைல் தாள் இருக்கும். குரல், கரும்பலகை, மாணவர் பங்கேற்பு என்று வரிசையாகக் கட்டம் போட்டு மதிப்பெண். அந்தத் தாள் நேராக நிர்வாகத்துக்குப் போகும் என்று துறைத் தலைவர் என் காதில் போட்டு வைத்தார். அன்று சாயந்திரமே நான் நாலு மாணவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன். பங்கேற்புக்கு ஏற்பாடு முடிந்தது!

தண்ணீரின் அழுத்தம் பற்றிய பாடம். மாணவர் வாழ்க்கையில் இருந்து தொடங்க வேண்டும் அல்லவா, இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? முத்துக் குளிப்பதில் ஆரம்பித்து, சங்கு குளிப்பதற்கு வந்து, ஆழம் கூடக்கூட அழுத்தம் எப்படிக் கூடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நான் தயார் செய்த நாலு பேரும் எழுந்து கேட்டார்கள். ஒருவன் தன்னுடையதை மறந்துபோய் அடுத்தவன் கேள்வியைக் கேட்டுவிட்டான். அந்த அடுத்தவன் விடுவானா, அதையே மறுபடியும் கேட்டான். எப்படியோ சமாளித்தேன்.

முடிக்கப் போகிற நேரத்தில் நான் தயார் செய்யாத ஒருவன் எழுந்தான். கடற்கரைத் தெருப் பையன். அந்த இரண்டு வருடத்தில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை.

"சார், எங்க அண்ணன் சங்கு குளிக்கப் போறவரு. போன வாரம் கீழ போகையில காதுல டப்புன்னு சத்தம் கேட்டு ரத்தம் வந்துட்டு. இப்ப வலியே இல்லங்காரு. காது கிழிஞ்சிட்டுன்னா அப்புறம் வலிக்காது, பயமில்லாம இறங்கலாம்னு கூட போறவங்க சொல்லுதாங்க. அது நெசமா சார்?"

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்னால் பேராசிரியர்களும் நிமிர்ந்தார்கள். எனக்கோ காதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து வார்த்தைதான், மலை மாதிரிக் குறுக்கே நின்றது. அந்தத் தாளில் தெரியாது என்பதற்கு எந்தக் கட்டத்திலும் மதிப்பெண் இல்லை.

கரும்பலகையில் ஒரு காதை வரைந்தேன். நடுவில் செவிப்பறை. வெளியில் இருந்து தண்ணீர் அழுத்துகிறது, உள்ளே இருந்து காற்று தாங்குகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வலி. பறையில் ஓட்டை விழுந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். வித்தியாசம் இல்லை, ஆகவே வலியும் இல்லை. "அவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்ததைத்தான் பௌதிகம் கணக்காகச் சொல்கிறது. அவர்கள் சொல்வது சரிதான்" என்று சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

பின்னால் ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். வந்திருந்தவர்களில் மூத்த பேராசிரியர் எழுந்து நின்று, ஐந்து நாளாக நாங்கள் தொண்டை வறளச் சொன்னதை இவர் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டிவிட்டார் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்கு சைக்கிளை மிதித்த ஞாபகமே இல்லை, பறந்துதான் போயிருப்பேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பையன் வகுப்புக்கு வரவில்லை என்பதைக் கவனித்தேன். பக்கத்தில் உட்காருகிறவனைக் கேட்டதற்கு, "அவன் அண்ணனப் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு சார். கடலுக்குள்ள மயங்கிட்டாராம்" என்றான். மணி அடித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். காதாக இருக்காது, வேறு ஏதாவதாக இருக்கும் என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

காதுதான். இடது காதில் பஞ்சு உருண்டையை வைத்துத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும், கல் மாதிரி உடம்பு. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார முடிந்தது.

"கீழ போயி ரெண்டு சங்கு எடுத்துட்டேன் சார். திடீர்னு தல சுத்திட்டு. மேல எது கீழ எதுன்னே தெரியல. மேல வாறோம்னு நெனச்சுட்டு மணல்ல போயி முட்டியிருக்கேன். கூட வந்தவன் முடியப் புடிச்சு இழுக்கலேன்னா அங்கனயே முடிஞ்சிருக்கும்" என்று சத்தமாகச் சொன்னார். தன் சத்தம் தனக்குக் கேட்காதவர்கள் பேசுகிற சத்தம் அது.

ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்காதுக்குப் பக்கத்தில் போனால் தலை சுற்றும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதோடு சீழும் பிடித்து உள்ளே இறங்கிவிட்டது. இடது காது போய்விட்டது. நிற்பதற்கே ஆள் பிடிக்க வேண்டும், இனி வள்ளத்தில் கால் வைக்க முடியாது. இதையெல்லாம் அவர்கள் அம்மா சொன்னார்.

"இந்த மாசம் போகலம்மான்னுதான் அவன் சொன்னான் சார். காலேஜுலயே சரின்னு சொல்லிட்டாங்கன்னு இந்தச் சின்னவன் வந்து சொன்னான். படிச்சவங்க சொன்னா சரியாத்தான இருக்கும், போயிட்டு வா ராசான்னு நான்தான் அனுப்புனேன். பாவி நான்தான்."

சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது. சின்னவனுக்குத் தெரியும். அவன் கட்டில் காலுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, சார் நம்மளத் தேடி வந்திருக்காவ. ஓடிப்போயி ஒரு கலரு வாங்கிட்டு வாலே" என்று அவனை விரட்டினார். அவன் வாங்கி வந்தான். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லத் திராணியில்லாமல் முழுப் பாட்டிலையும் குடித்தேன்.

கிளம்பும்போது எப்படியோ துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அந்த அண்ணனிடம் குனிந்து, "தம்பி, வகுப்பில் அப்படிச் சொன்னது நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் போயிருந்தார். அண்ணன் என் முகத்தைப் பார்த்து, "என்ன சார்?" என்றார். நான் குனிந்து சொன்னது இடது பக்கம். "ஒண்ணுமில்லண்ணே, ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லுதாரு" என்று சின்னவன் சத்தமாகச் சொல்லிவிட்டான். அவர் எனக்குக் கும்பிடு போட்டார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு அடுத்த காதுக்குப் போய் இன்னொரு முறை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பையன் வாசல் வரைக்கும் கூட வந்தான். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"இனி காலேஜுக்கு வரமாட்டேன் சார். அண்ணன் எடத்துக்கு வள்ளத்துல ஆள் வேணும்ங்காவ" என்றான். எப்படியாவது படிப்பை முடிக்க ஏற்பாடு செய்கிறேன் என்று நான் ஏதேதோ உளறினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அன்னைக்கு நீங்க சொல்லி முடிச்சதும் நான் இன்னொரு தடவ கையத் தூக்குனேன் சார். எல்லாரும் கைதட்டிட்டு இருந்தாங்க. நீங்க பாக்கல."

"என்னப்பா கேட்க நினைத்தாய்?"

"ஓட்ட இருந்தா அது வழியா தண்ணி உள்ள போகுமே சார். போனா என்ன ஆகும்னு."

நான் புத்தகத்தில் தேடாததை, யோசித்துப் பார்க்காததை அவன் நின்ற இடத்திலேயே யோசித்திருக்கிறான். அந்த ஐந்து நாளும் நாங்கள் மாய்ந்து மாய்ந்து பேசியது இப்படி ஒரு மாணவனைப் பற்றித்தான். "வாறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் கடலுக்குப் போயிருந்தான். கோடையில் பயிற்சியின் அறிக்கை அச்சாகி வந்தது. பாடத்தை மாணவர் வாழ்வோடு இணைத்ததற்குச் சிறந்த உதாரணம் என்று என் வகுப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அந்த வருடமே என் வேலையும் நிரந்தரமானது. உத்தரவைக் கையில் வாங்கிய அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் இத்தனை காலம் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நீங்க பாக்கல என்று அவன் சொன்னான் அல்லவா, அது அவனுடைய பெருந்தன்மை. நான் பார்த்தேன். நாலாவது பெஞ்சில் அந்தக் கை உயர்ந்ததைக் கடைக்கண்ணால் நன்றாகவே பார்த்தேன். இன்னொரு கேள்வி வந்தால் கிடைத்த பெயர் கெட்டுவிடுமோ என்று முகத்தைப் பேராசிரியர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும், ஏதாவது கூட்டத்தில் ஒருவர் அழகாகப் பேசி முடித்து எல்லோரும் கைதட்டும்போது என்னால் சேர்ந்து தட்ட முடிவதில்லை. தட்டாமல் தூக்கிய ஒரு கை எங்காவது தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.