கயிறு கோக்கும் துளை

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அல்சூரில் ஒரு சின்ன டிசைன் ஸ்டூடியோவில் இன்டர்னாகச் சேர்ந்தேன். முதல் வேலை, பட்டுப்புடவைக் கடைக்கு ஒரு காகிதப் பை. கடையின் சின்னமான லட்சுமி படத்தில் கிரீடத்தை வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் பை முழுக்கப் பெரிதாக வைத்தேன். அதுதான் மாடர்ன் என்று நினைப்பு. சீனியர் ஃபோனில் பேசிக்கொண்டே, "நல்லாருக்கும்மா, பிரஸ்ஸுக்கு அனுப்பிடு" என்றார். அனுப்பினேன்.

மதியம் சாப்பிடும்போது எதிரே ஒரு துணிக்கடைப் பை தொங்கியது. கைப்பிடிக் கயிறு கோக்க மேலே இரண்டு துளைகள். என் பையில் அவை லட்சுமியின் கண்களில்தான் விழும்.

பிரஸ்ஸில் ஃபோனை எடுக்கவில்லை. டப்பாவைக்கூட மூடாமல் சிவாஜிநகர் பஸ்ஸைப் பிடித்தேன்.

பிரஸ்காரர் மெஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார். "கண்ணுல ஓட்டை வருதேன்னு உங்க சார்கிட்ட கேட்டேம்மா. பாத்தாச்சு, ஓட்டுங்கன்னாரு. எனக்குத்தான் மனசு வரல."

அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே முகத்தைச் சிறிதாக்கிக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். எங்கே போனாய் என்று சீனியர் கேட்டார். டீ குடிக்க என்றேன்.

கடைசி நாள் அவர் தந்த சான்றிதழில், மேற்பார்வையே இல்லாமல் வேலை செய்யக்கூடியவள் என்று எழுதியிருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை.