சர்வருக்கு வைத்த சந்தனம்

இரும்புலியூர் ஃபாயிசா பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர் கெடாது. அதுதான் அவளுக்குப் பெருமை. அதுவே ஒருமுறை அவள் பிழைப்புக்கு வேட்டு வைக்கவும் பார்த்தது.

டிப்ளமோ முடித்ததும், "பொம்பளப் புள்ள கையில ஸ்க்ரூ டிரைவரா?" என்று கேட்டவர்களைச் சட்டை செய்யாமல் கடை போட்டவள் அவள். பெருங்களத்தூரில் ஜெயவேலுவின் கட்டடக் கம்பெனியில் ஏழு கம்ப்யூட்டர்களைப் பராமரிக்க மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒப்பந்தம். சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் வருவாள். உள்ளே படிந்த சிமெண்டுத் தூசியை ஊதித் தள்ளுவாள், வைரஸ் பார்ப்பாள். சர்வரில் இருக்கும் வரைபடம், அளவு, பில் அத்தனையையும் இரண்டு டிஸ்கில் பிரதி எடுப்பாள். ஒன்று ஆபீஸ் அலமாரிக்கு, ஒன்று அவள் வீட்டு பீரோவுக்கு. நாலு வருடத்தில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. கல்யாணமான வாரம்கூட மருதாணிக் கையோடு வந்து நின்றாள்.

2008 அக்டோபர் பிறந்ததும் ஜெயவேலு கூப்பிட்டார்.

"ஏம்மா, நாலு வருஷமா ஒரு மிசினும் ரிப்பேர் ஆவல. நல்லா கீற மிசினுக்கு இன்னாத்துக்கு மாசாமாசம் துட்டு? இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். எதுனா கெட்டா கூப்புடறேன், அப்ப வந்து வாங்கிக்க."

"கெடாம இருக்கத்தான் சார் அந்தப் பணம்."

"அதான் கெடலியே," என்றார் ஜெயவேலு.

சுவரில் விரிசல் விழவில்லை என்று கொத்தனார் கூலியைப் பிடிப்பாரா இந்த மனுஷன்? ஃபாயிசா மனதுக்குள் கணக்குப் போட்டாள். தாம்பரம் பக்கத்து பில்டர்கள் மூன்று பேர் ஜெயவேலு சொல்லித்தான் அவளிடம் வந்தவர்கள். இவர் நிறுத்தினால் அவர்களும் நிறுத்துவார்கள், கடையை இழுத்து மூட வேண்டியதுதான். இருந்தும் அந்தச் சனிக்கிழமை வந்தாள். ஒரு வேலையைக்கூடக் குறைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை ஆயுத பூஜை. வருடா வருடம் முதல் நாளே அவளுக்குப் போன் வந்துவிடும். அவள் வந்து சர்வரை நிறுத்தி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவாள். சந்தனம் குங்குமமெல்லாம் உறைக்கு மேல்தான். பூஜை அவர்களுடையது, உறை இவளுடையது, யாருக்கும் மனக்குறை கிடையாது. இந்த வருடம், போகப்போகிறவளை எதற்குக் கூப்பிடுவது என்று விட்டுவிட்டார்கள். கணக்கு பார்க்கும் லோகநாயகி, காற்றுப் போகிற ஓட்டைமேலேயே சந்தனத்தை அப்பி, செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தாராளமாகத் தெளித்தாள். அலமாரியில் இருந்த டிஸ்கும் ஆயுதம்தானே? அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

விஜயதசமி காலை நல்ல நேரம் பார்த்து ஜெயவேலுவே சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே புகை. அலமாரி டிஸ்கும் ஓடவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு பேங்க் இன்ஜினியர் வருகிறார். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் கட்டுகிற நாற்பத்தெட்டு வீட்டின் அளவையும் பில்லையும் காட்டினால்தான் அடுத்த தவணைக் கடன்.

போன் கிடைத்து ஃபாயிசா வந்தபோது லோகநாயகி அழுதுகொண்டிருந்தாள். "நான்தான், ஃபாயிசா, தண்ணி தெளிச்சேன்."

"சாமிக்குத்தானே செஞ்சீங்க, விடுங்கக்கா. சனிக்கிழமைக்கு அப்புறம் வந்த சீட்டெல்லாம் எடுத்து வைங்க. அத மட்டும் திரும்ப அடிச்சாப் போதும்."

பையிலிருந்து துண்டில் சுற்றிய டிஸ்கை எடுத்தாள், வீட்டு பீரோவில் இருந்தது. வரைபடம் போடுகிற கம்ப்யூட்டரையே சர்வராக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். நாலு மணிக்கு நாற்பத்தெட்டு வீடும் திரையில் வந்து நின்றன. ஃபாயிசாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை, ஏன் மறைக்க வேண்டும்?

ஜெயவேலு சட்டைப் பையில் கையை விட்டார். "மானத்த காப்பாத்திட்டம்மா. இன்னிக்கு வேலைக்கு எவ்ளோ வோணும், கேளு. பத்தாயிரமா?"

"ஒண்ணும் வேணாம் சார். ஒப்பந்தம் முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. இதெல்லாம் அந்த மாசப் பணத்துலயே அடங்கும்."

பைக்குள் போன கை அங்கேயே நின்றது. ஜெயவேலு சுவர் காலண்டரில் அடுத்த மாதத் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"நவம்பர் ஒண்ணாந்தேதி சனிக்கிழமதான் வருது," என்றார். "வந்துடும்மா."