பத்தாயிரத்து ஏழு பாக்குக் கன்றுகள்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பல் நறநறக்கிறது.

அந்தமானில் திக்லிபூரில் குடியேறியவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கப்பலில் பாக்குக் கன்றுகள் வந்தன. எண்ணினால் பத்தாயிரத்து ஏழு. நாற்றங்காலில் நடவு பார்த்தவர் ராமநாதபுரத்து அக்கா ஒருவர். நான் தண்ணீர் விடுபவன். அக்கா நூறு வரிசை, வரிசைக்கு நூறு என நட்டு, மிச்சமான ஏழு கன்றுகளை ஓரத்தில் ஊன்றினார். பார்க்கப் பாய் விரித்தது போல இருந்தது.

மெயின்லேண்டிலிருந்து வந்த அதிகாரி முகத்தைச் சுளித்தார். அவர் கையில் ஒரு படிவம். எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை, இரண்டே கட்டம். பெருக்கினால் கப்பல் ரசீதிலிருக்கும் எண் வரவேண்டும். மிச்சத்துக்கு அதில் இடமில்லை.

“சப் லைன் பராபர் சாஹியே,” என்றார். எல்லா வரிசையும் சமமாக இருக்க வேண்டுமாம்.

அக்காவும் கூலிப் பெண்களும் எல்லாவற்றையும் பிடுங்கி நூற்றொரு வரிசையாக நட்டார்கள், எட்டு மிஞ்சியது. மறுநாள் தொண்ணூற்றைந்து வரிசை, முப்பத்திரண்டு மிஞ்சியது. வேர் வெயிலில் கிடந்தது.

“இந்தாளு வெத்தலையிலயும் நாலு மூலை தேடுவாரு போல,” என்றார் அக்கா. பெண்கள் சிரித்தார்கள். அது அதிகாரி காதுக்குப் போய்விட்டது. நாளைக்குள் கணக்கு வராவிட்டால் மஸ்டர் ரோலிலிருந்து அக்கா பெயரை அடித்துவிடுவேன் என்றார். அந்தத் தினக்கூலிப் பதிவை நம்பித்தான் அக்கா வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் வகுக்கத் தெரியும். இரண்டில் தொடங்கி, பகா எண் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்றும் இருபத்தொன்பதும் ஆசை காட்டிவிட்டு இரண்டிரண்டு கன்றை மிச்சம் வைத்தன. தொண்ணூற்றேழோடு நிறுத்தினேன். நூற்றைத் தாண்டிய எண்ணால் வகுபட்டால், அதன் ஜோடி நூற்றுக்குள்தானே இருக்கும்? அதைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே.

மறுநாள் காலை, “இது எதாலயும் வகுபடாது சாப்,” என்றேன்.

“இத்னா படா நம்பர் ஹை. கிஸி ஸே தோ கடேகா.” இவ்வளவு பெரிய எண், எதனாலாவது வகுபடாமலா போகும் என்றார். பெரிதாக இருந்தால் உடைந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கப்பல் அன்றே கிளம்புகிறது, படிவம் அதில் போக வேண்டும். அதைக் கேட்டு வாங்கி நானே எழுதினேன். வரிசை: ஒன்று. வரிசைக்கு: பத்தாயிரத்து ஏழு.

“பெருக்கிப் பாருங்க சாப்.”

அந்த மனிதர் பென்சில் எடுத்து உண்மையாகவே பெருக்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார். நாற்றங்கால் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன்: “அக்கா, ஒங்க பேரு இருக்கு.”

அக்கா குனிந்தபடியே, இலை பழுத்துச் சாய்ந்த கன்றுகளின் அடியில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் தேறாது என்று எனக்கே தெரிந்தது.

“இருக்கட்டும். சும்மா நிக்காம தண்ணியக் கொண்டா.”